பந்தா, பகட்டு, மேடை: ரிகர்சலுக்கு வர்றவங்க கேக்குற கேள்விங்களும் என் பதிலும்

ராயபுரம் பக்கம் ஒரு மொட்டமாடியில சாயந்தரம் சாயந்தரம் நாடகம் ரிகர்சல் பண்ற கூட்டத்துல நானும் ஒருத்தி. நாங்க எடுக்குற நாடகம் பெரும்பாலும் ஒரே விஷயத்த சுத்திதான் இருக்கும்: நாலு பேரு முன்னாடி பெரிய ஆளா தெரியணும்னு ஆடுற ஆட்டம், வீட்ல என்ன பொருள் இருக்குன்னு பாத்து மனுஷன எடை போடுற பழக்கம். புதுசா சேர்ற பசங்க, அவங்கள கூட்டிட்டு வர்ற அம்மாங்க, டீக்கடையில நிறுத்தி விசாரிக்கிற பெரியவங்க, எல்லாரும் கேக்குறது கிட்டத்தட்ட ஒரே கேள்விங்கதான், அதான் அவங்க கேட்ட மாதிரியே எழுதி பதிலும் போட்டுட்டேன். வரிசையா படிங்க, பின்னாடி வர்றது முன்னாடி சொன்னத வச்சுதான் போகும்.

அக்கா, நையாண்டி நாடகம்னா காமெடி நாடகம்தானே, இன்னா வித்தியாசம்?

சிரிப்பு ரெண்டுலயும் உண்டு. ஒருத்தன் வழுக்கி விழுந்தான், சிரிச்சோம், அதோட முடிஞ்சுதுன்னா அது காமெடி. நையாண்டியில சிரிப்புக்கு ஒரு குறி இருக்கும், யாரப் பாத்து எதுக்காக சிரிச்சோம்னு வீட்டுக்குப் போற வழியில மனசு கேக்கும்.

பிரான்ஸ்ல மோலியேர் 1670ல போட்ட ஒரு நாடகத்துல ஜூர்தான்னு ஒரு ஆளு வருவாரு, துணி வியாபாரத்துல சம்பாதிச்ச குடும்பம், காசுக்குப் பஞ்சமே இல்ல, ஆனா பிரபு வம்சம் மாதிரி தெரியணும்னு வெறி. பாட்டுக்கு ஒரு வாத்தியார், டான்ஸுக்கு ஒருத்தர், வாள் சுத்த ஒருத்தர், தத்துவத்துக்கு ஒருத்தர்னு வீடு பூரா வாத்தியாருங்கதான். தத்துவ வாத்தியார் சொல்லித்தான் தெரியும் தான் 40 வருஷத்துக்கு மேல பேசிட்டு இருந்தது உரைநடைன்னு, அதுல அந்தாளுக்கு அப்படி ஒரு பூரிப்பு. படிப்பு வேணும்னு அவர் படிக்கல, படிச்ச ஆளுன்னு மத்தவங்க சொல்லணும்னு படிக்கிறாரு. அந்த பூரிப்பதான் மோலியேர் குறி வச்சு அடிக்கிறாரு.

இதெல்லாம் வெள்ளக்காரன் சமாச்சாரம், நம்ம ஆளுங்ககிட்ட இது எப்போ இருந்துச்சு?

ரொம்ப காலமா இருக்கு. காஞ்சிபுரத்துல ஆண்ட மகேந்திரவர்ம பல்லவன் 7ஆம் நூற்றாண்டுல சமஸ்கிருதத்துல எழுதின 'மத்தவிலாசம்' நையாண்டிதான். குடிச்சுட்டு தள்ளாடுற காபாலிகன், அதாவது மண்டையோட்டுல பிச்சை வாங்குற சைவ சாமியார், தன்னோட மண்டையோட்டுப் பாத்திரத்த தொலைச்சுட்டு புத்த துறவி மேல பழி போடுவான், கடைசில பாத்தா நாய் தூக்கிட்டுப் போயிருக்கும். பக்தின்னு சொல்லிக்கிட்டு போடுற வேஷத்த ஒரு ராஜாவே எழுதி கிண்டல் பண்ணிருக்காரு. நம்ம தெருக்கூத்துல கட்டியங்காரன் பண்றதும் இதுதான், கிரீடம் வச்ச ராஜா தன் பெருமைய பாடி முடிக்கிறதுக்குள்ள பக்கத்துல நின்னு ஒரு வார்த்தையில இறக்கி விட்டுருவாரு.

அப்புறம் நம்ம மெட்ராஸுக்கு வாங்க. 19ஆம் நூற்றாண்டுல காசி விசுவநாத முதலியார் எழுதின 'டம்பாச்சாரி விலாசம்', ஆடம்பரத்துலயும் தாசி வீட்டுலயும் சொத்த அழிச்ச ஒரு பணக்காரன் கதை. பம்மல் சம்பந்த முதலியார் 1891ல சுகுண விலாச சபைன்ற நாடகக் குழுவ ஆரம்பிச்சவரு, அவர் எழுதின 'சபாபதி'யில பணக்கார வீட்டுப் பிள்ளைக்கும் அவர் வேலைக்காரனுக்கும் ஒரே பேரு, ரெண்டு பேருக்கும் அறிவும் ஏறக்குறைய அதே அளவுதான், வித்தியாசம் சட்டையில மட்டும். 1941ல படமாவும் வந்துச்சு. எம்.ஆர்.ராதா மேடையில கொடி கட்டிப் பறந்த 'ரத்தக்கண்ணீர்' திருவாரூர் தங்கராசு எழுதினது, 1954ல படமாச்சு, ஃபாரின்ல படிச்சுட்டு வந்து பெத்த அம்மாவையே மட்டமா பாக்குற மோகனசுந்தரம் கதை. நாடகம் போட கொட்டகைக்கும் நம்ம பக்கம் குறைச்சல் இல்ல, வால்டாக்ஸ் ரோட்டுல ஒற்றைவாடைன்னு ஒரு பெரிய நாடகக் கொட்டகையே இருந்துச்சு, பழைய ஆளுங்கள கேட்டுப் பாருங்க.

மாடர்ன் நாடகம் மாடர்ன் நாடகம்னு சொல்றீங்களே, எந்த காலத்துல இருந்து கணக்கு?

பொதுவா 1879ல வந்த, நார்வே நாடக ஆசிரியர் இப்சனோட 'பொம்மை வீடு'ல இருந்து சொல்லுவாங்க. நமக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு: அதுக்கப்புறம் மேடையில அரண்மனைக்குப் பதிலா சாதாரண குடும்பத்து ஹால் வந்துருச்சு, நாற்காலி மேசை அலமாரி எல்லாத்தோட. ஹால்னு ஒண்ணு வந்தாலே யாருக்குக் காட்ட அத அப்படி வச்சிருக்காங்கன்ற கேள்வியும் வந்துரும்.

புதுசா ஆரம்பிக்கிறவங்க எதைப் படிக்கணும் அக்கா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க

பெர்னார்ட் ஷாவோட 'ஆர்ம்ஸ் அண்ட் தி மேன்', 1894. காலேஜ்ல இங்கிலீஷ் லிட்ரேச்சர் எடுத்த பசங்க நிறைய பேர் பாடமாவே படிச்சிருப்பாங்க, ஆனா பரீட்சைக்குப் படிச்சதால ருசி தெரிஞ்சிருக்காது, மறுபடி எடுங்க. பல்கேரியாவுல பெட்காஃப்னு ஒரு குடும்பம். பொண்ணு ராய்னா, உயிருக்குப் பயந்து அவ ரூமுக்குள்ள ஏறி வந்த எதிரி சிப்பாய்கிட்ட எங்க வீட்ல லைப்ரரி இருக்கு, எங்க வீட்டுக்குள்ளயே மாடிப்படி இருக்குன்னு சொல்லிட்டு இருப்பா. பின்னாடி மூணாவது அங்கத்துல அந்த லைப்ரரிய நாம பாப்போம், ஒரே ஒரு அலமாரித் தட்டு, அதுல காபி கறை பட்ட கிழிஞ்ச நாவலுங்க.

எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் ரெண்டாவது அங்கத்துல வரும். சண்டை முடிஞ்சு வீட்டுக்கு வந்த புருஷன்கிட்ட பொண்டாட்டி புதுசா எலக்ட்ரிக் பெல் போட்டத பெருமையா சொல்லுவாங்க, பட்டன அழுத்தினா கிச்சன்ல மணி அடிக்கும், வேலையாள் வருவான்னு. அந்தாளு, ஏன் சத்தம் போட்டு கூப்ட்டா வரமாட்டானான்னு கேப்பாரு. நாகரிகமானவங்க வேலையாள சத்தம் போட்டு கூப்பிட மாட்டாங்கன்னு இவங்க சொல்ல, அவரு விடுவாரா, நாகரிகமானவங்க வர்றவங்க கண்ணுல படுற மாதிரி துணி காயப் போட மாட்டாங்க, அத முதல்ல எடுன்னு திருப்பி விடுவாரு. ஹவுசிங் போர்டு பால்கனியில துணி காயப்போட்டு வளர்ந்த எங்க பசங்க இந்த இடம் படிக்கிறப்போ விழுந்து விழுந்து சிரிப்பாங்க. கடைசி சீன்ல மாப்பிள்ளைக்கு எத்தன குதிரை, எத்தன வண்டின்னு பொண்ணோட அப்பா அம்மா அளந்து பாக்க, அன்னிக்கு ராய்னா ரூமுக்குள்ள ஏறி வந்த அதே சிப்பாய், ஹோட்டல் வச்சிருக்க புளுன்ட்ஷ்லி, என்கிட்ட 200 குதிரை, 10,000 கத்தி முள்கரண்டி இருக்குன்னு கணக்கு ஒப்பிப்பாரு, உடனே சம்பந்தம் இனிச்சுரும்.

இது பிடிச்சா அடுத்தது ஆஸ்கார் வைல்ட் 1895ல போட்ட 'தி இம்பார்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்'. பொண்ணோட அம்மா லேடி பிராக்னெல் நோட்டு பென்சிலோட உக்காந்து மாப்பிள்ளைய விசாரிக்கிற சீன் ஒண்ணு போதும். வருமானம் எவ்ளோ, நிலத்துலயா முதலீட்டுலயான்னு கேட்டுட்டு, லண்டன் வீடு எந்தத் தெருன்னு கேப்பாங்க, பணக்காரத் தெருதான், ஆனா நம்பர சொன்னதும் அது தெருவோட மட்டமான பக்கமாச்சேன்னு உதட்ட பிதுக்குவாங்க.

இதெல்லாம் பங்களாக்காரங்க கதை, எங்க ஏரியாவுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்?

நேத்து எந்த வீட்டுக்குப் போனீங்க, கொஞ்சம் யோசிங்க. சோபா வாங்கி வருஷம் ஆகியும் பிளாஸ்டிக் கவர் பிரிக்காம இருக்கும், உக்காந்தா தொடை ஒட்டும். ஷோகேஸ்ல தங்க கோடு போட்ட கப் செட் இருக்கும், ஆனா உங்களுக்கு டீ வர்றது எவர்சில்வர் டம்ளர்ல. டபுள் டோர் ஃபிரிட்ஜ் ஹால்ல நிக்கும், கிச்சன்ல இடமில்லன்னு சொல்லுவாங்க, அது உண்மைதான், ஆனா அதுக்கு மேல லேஸ் துணி போட்டு கண்ணாடி அன்னம் வச்சது இடமில்லாததால இல்ல. காதுகுத்துன்னா தெரு முனையில பிளெக்ஸ், குழந்தைக்கு கூலிங் கிளாஸ், கீழ மாமா சித்தப்பா முகமெல்லாம் வரிசையா, ஒரு மாமா போட்டோ சின்னதா போயிருச்சுன்னு அவர் மண்டபத்துக்கே வரமாட்டாரு. மொய் எழுதுறப்போ மைக்ல பேரும் தொகையும் படிப்பாங்க, 500 வைக்க நினைச்சு வந்தவர் முன்னாடி ஆளோட தொகைய கேட்டுட்டு கவர பிரிச்சு இன்னும் கொஞ்சம் சொருகுவாரு. இது ஒண்ணு போதும், 20 நிமிஷ நாடகம் எழுதிரலாம்.

தவணையில பொருள் வாங்கி மாட்டிக்கிற கதைக்கு ஆர்தர் மில்லரோட 'ஒரு சேல்ஸ்மேனின் மரணம்' (1949) படிங்க, அது சிரிக்கிற நாடகம் இல்ல, ஆனா பொருளாசைய அத மாதிரி யாரும் பிட்டு வைக்கல. வில்லி லோமன் ஃபிரிட்ஜுக்கு தவணை கட்டி முடிக்கிறதுக்குள்ள அது பெல்ட் பெல்ட்டா தின்னும், கார் கடன் முடியுற அன்னிக்கு கார் படுத்துரும், ஒரு பொருளாவது உடையிறதுக்கு முன்னாடி முழுசா என்னுதா ஆகக்கூடாதான்னு அந்த மனுஷன் கேப்பாரு. வீட்டுக்கடனோட கடைசி தவணைய அவர் பொண்டாட்டி கட்டி முடிக்கிறது அவர் அடக்கம் நடக்கிற அன்னிக்கு. கல்யாண ஆடம்பரத்துக்கு பிரெக்ட் 1919ல எழுதின ஒரு குட்டி நாடகம் இருக்கு, மாப்பிள்ளை தானே செஞ்ச நாற்காலி மேசை எல்லாம் விருந்து நடக்க நடக்க ஒண்ணொண்ணா உடையும், கூடவே ரெண்டு குடும்பத்து மானமும் உடையும். எங்க பசங்களுக்கு இதத்தான் முதல்ல போட ஆசை வரும், உடைக்கிற வேலை இருக்குல்ல.

ஏம்மா, கடன் வாங்கி பொண்ணுக்கு சீர் செஞ்சவ நான், உங்க நாடகம் என்னைத்தான் கேலி பண்ணுதா?

இல்லம்மா. இத கேட்டவங்க கண் கலங்கித்தான் கேட்டாங்க, அதனால இந்த பதில ஒவ்வொரு புது பேட்ச்சுக்கும் முதல் நாளே சொல்லிடறேன்.

கடன் வாங்கி சீர் செய்யிற அம்மா பந்தாவுக்கு செய்யல, பயத்துல செய்யிறாங்க. போற இடத்துல பொண்ண யாரும் ஒரு சொல்லு சொல்லிடக் கூடாதுன்னு பயம். அந்த பயத்த உண்டாக்குறவங்க யாரு? தட்டுல என்ன இருக்குன்னு கண்ணாலயே எண்ணுற ஆளு, பீரோ எந்த கம்பெனின்னு கதவ திறந்து பாக்குற ஆளு, எங்க பெரிய மருமக வீட்ல இவ்ளோ செஞ்சாங்கன்னு காதுல போட்டுட்டு போற ஆளு. நையாண்டி அந்த எண்ணுற கண்ண அடிக்கணும். மேல சொன்ன லேடி பிராக்னெல் சீன்ல நாம சிரிக்கிறது மாப்பிள்ளைய பாத்து இல்ல, நோட்டு வச்சிருக்கவங்கள பாத்துதான். எங்க நாடகத்துல சீர் செய்யிற அம்மா வந்தா அவங்க வாயில ஒரு கேலி வசனம் கூட வைக்கக் கூடாதுன்னு நாங்க முடிவே பண்ணிருக்கோம்.

பந்தா பண்ற கேரக்டர நல்லா ஓவரா பண்ணாத்தானே ஜனம் சிரிக்கும்?

அஞ்சு நிமிஷம் சிரிக்கும், அப்புறம் சலிச்சுரும். பந்தா பண்றவனுக்கு தான் பந்தா பண்றோம்னு தெரியாது, அவன் மனசுல அவன் ரொம்ப இயல்பா இருக்கான். நடிக்கிறவங்க தான் தமாஷான ஆளுன்னு ஜனத்துக்கு கண்ணடிச்சா வேலை கெட்டுச்சு.

பொண்ணு பாக்குற சீன்ல மாப்பிள்ளையோட அப்பாவா நடிச்ச ஒரு தம்பி, கையில இருந்த பிரேஸ்லெட்ட ஆட்டி ஆட்டி காட்டிட்டு இருந்தான், யாருக்கும் சிரிப்பு வரல. நீ அத காட்டவே காட்டாதே, ஆனா லேட் ஆவுதேன்னு அடிக்கடி வாட்ச் பாருன்னு சொன்னோம். அவ்ளோதான், சட்டைக் கை மேல ஏறி பிரேஸ்லெட்டு தானா வெளிய வந்துச்சு, அத பொண்ணோட சித்தி ஓரக்கண்ணால பாத்து கம்மல சரி பண்ணிக்கிட்டாங்க, மாடி பூரா சிரிப்பு. சாக்கு சொல்லிக்கிட்டு காட்டணும். ஷாவோட நாடகத்துல ராய்னா லைப்ரரிய பத்தி சொல்றதும் அப்படித்தான், உங்களுக்கு இங்க ஆபத்து இல்ல, நாங்க கௌரவமானவங்கன்னு தைரியம் சொல்ற சாக்குல வரும்.

நம்ம மெட்ராஸ் பாஷைல பேசினாலே சிரிக்கிறாங்களே, அத வச்சே ஓட்டிரலாம்ல?

கூடாது. இதுல நான் விட்டுக் கொடுக்கவே மாட்டேன். நம்ம பேச்ச சினிமாவுல பல வருஷமா ரவுடிக்கும் காமெடியனுக்கும் மட்டும் கொடுத்து கொடுத்து, நம்ம ஆளு 'இன்னாபா'ன்னு வாய தொறந்தாலே சிரிக்கணும்னு மத்தவங்களுக்கு பழக்கிட்டாங்க. அந்த சிரிப்புக்கு மேடை போட்டுக் கொடுத்தா நாம நையாண்டி பண்ணல, நம்மள நாமே வித்துட்டு வரோம்.

ஷாவோட 'பிக்மேலியன்' (1913) இதுக்குப் பாடம் மாதிரி. பூ விக்கிற எலைசாவுக்கு பேராசிரியர் உச்சரிப்பு மட்டும் கத்துக் கொடுத்து பெரிய வீட்டு ஆளுங்க முன்னாடி கூட்டிட்டுப் போவாரு. அவ சுத்தமான உச்சரிப்புல, தன்னோட அத்தைய யாரோ தீர்த்துக் கட்டிட்டாங்கன்னு தெரு சமாச்சாரத்த பேசுவா. அங்க இருக்க கிளாரான்னு ஒரு பொண்ணு இதுதான் இப்போ புது ஃபேஷன் பேச்சுன்னு நம்பி எலைசா சொன்ன கெட்ட வார்த்தைய தானும் எடுத்து விடுவா. சிரிப்பு யார் மேல விழுதுன்னு பாருங்க, எலைசா மேல இல்ல, உச்சரிப்ப வச்சு ஆள மதிக்கிற கிளாரா மேல. நம்ம நாடகத்துலயும் நம்ம பாஷை பேசுறவங்கதான் தெளிவா யோசிக்கிறவங்களா இருக்கணும், பீட்டர் விடுற ஆளு தடுமாறட்டும்.

ரத்தக்கண்ணீர்ல மாதிரி கடைசில அவனுக்கு தண்டனை குடுத்தாத்தானே நீதி?

ராதா அண்ணனோட குரலும் கிண்டலும் எனக்கு உசுரு, ஆனா தொழுநோய தண்டனையா காட்டுறது இன்னிக்கு ஒத்துக்க முடியாத விஷயம். அது ஒரு பாக்டீரியாவால வர்ற நோய், மருந்துல குணமாகும், அந்த நோயோட வாழ்ந்தவங்க நம்ம பக்கத்துலயும் இருக்காங்க, அவங்க முன்னாடி உக்காந்து பாக்குறப்போ என்ன நினைப்பாங்க?

தண்டனை கொடுத்தா இன்னொரு சிக்கல், ஜனம் அவன் வேற நான் வேறன்னு நிம்மதியா எழுந்து போயிரும். முதல் பதில்ல சொன்ன ஜூர்தான் கடைசி வரைக்கும் திருந்தவே மாட்டாரு, துருக்கி ராஜா வீட்டு பட்டம்னு சொல்லி ஏமாத்தி ஒரு தலைப்பாகைய கட்டி விடுவாங்க, அந்தாளு சந்தோஷமா கட்டிப்பாரு. அவர் சந்தோஷமா இருக்கிறதுதான் நமக்கு உறுத்தும், எனக்கு அந்த முடிவுதான் நியாயமா படுது.

மேல வர துடிக்கிறவன கிண்டல் பண்ணா, நீ உன் இடத்துலயே கெடன்னு சொல்ற மாதிரி ஆகாதா?

இதுவரைக்கும் வந்ததுலயே கஷ்டமான கேள்வி, புளியந்தோப்புல இருந்து வர்ற ஒரு பையன் கேட்டது. ஆகும், கவனமா இல்லன்னா கண்டிப்பா ஆகும். நல்ல துணி போடக் கூடாது, செருப்பு போட்டு தெருவுல நடக்கக் கூடாதுன்னு சாதி பேர சொல்லி தடுத்த ஊரு இது. திருவிதாங்கூர்ல நாடார் பெண்கள் தோள் மேல துணி போடுற உரிமைக்கே பல வருஷம் அடி வாங்கி போராட வேண்டியிருந்துச்சு, 1859லதான் அரசாணை வந்துச்சு. அம்பேத்கர் கோட்டு சூட்டோட நிக்கிற சிலை நம்ம தெருவுக்குத் தெருவு எதுக்கு நிக்குதுன்னு எல்லாருக்கும் தெரியும். அப்படி இருக்கிறப்போ புது ஷூ போட்டு நடக்கிற நம்ம பையன மேடையில வச்சு கேலி பண்ணா, காலங்காலமா அவன கேலி பண்ணவங்க பக்கம்தான் நாம நிக்கிறோம்.

அதனால நாங்க ஒரு கேரக்டர எழுதுறப்போ ரெண்டு கேள்வி கேட்டுப்போம். இந்த ஆளு பொருள வாங்கினது தான் நிமிந்து நிக்கவா, இல்ல பக்கத்துல இருக்கவன குனிய வைக்கவா? முதல் ரகம்னா கை வைக்க மாட்டோம். ரெண்டாவது, இவன விட பெரிய வேஷக்காரன் இந்த கதையில இருக்கானா? மோலியேர் இதுல கெட்டிக்காரரு. ஜூர்தான்கிட்ட சிரிச்சு சிரிச்சு பேசி கடன் வாங்கிட்டே போற டொரான்ட்னு ஒரு நிஜ பிரபு வருவான், வம்சம் பெருசு, கையில காசு கிடையாது, அந்த காசுலயே தன் காதலிய மயக்குவான். வியாபாரி ஏமாளி, பிரபு திருடன். மேல இருக்கவன அடிக்காம கீழ இருந்து வர்றவன மட்டும் அடிக்கிற ஸ்கிரிப்ட் வந்தா திருப்பி கொடுத்துருவோம்.

நாடகத்த பாத்துட்டு என்னைத்தான் சொன்னேன்னு யாராச்சும் சண்டைக்கு வந்தா?

வருவாங்க. ரஷ்யாவுல கோகோல் எழுதின 'இன்ஸ்பெக்டர் ஜெனரல்' (1836) நாடகத்துல ஏமாந்து போன மேயரே ஜனத்தப் பாத்து எதுக்கு சிரிக்கிறீங்க, உங்களப் பாத்துதான் சிரிக்கிறீங்கன்னு கத்துவாரு. ஆனா தெருவுல போடுறப்போ எங்களுக்கு சில கட்டுப்பாடு உண்டு: ஏரியாவுல இருக்க ஒரு ஆளோட பேரு, வண்டி, நடை எதையும் அப்படியே எடுக்க மாட்டோம். பீரோ கதவ திறக்கிற பழக்கம் ஒரு வீட்டுல இருந்து வந்தா பேச்சு இன்னொரு வீட்டுல இருந்து வரும். அப்படியும் கேட்டா உக்கார வச்சு டீ வாங்கிக் கொடுத்து எந்த இடம் குத்துச்சுன்னு கேப்போம், நிறைய நேரம் அடுத்த நாடகமே அதுல இருந்து கிடைக்கும்.

பணக்கார வீடு காட்ட செட்டுக்கு காசு எங்க அக்கா?

ஒரே ஒரு பொருள் போதும். யாஸ்மினா ரேசாவோட 'ஆர்ட்' (1994) நாடகம் பூரா 2,00,000 பிராங்க் கொடுத்து ஒருத்தன் வாங்கின வெள்ளை ஓவியத்த சுத்தியே ஓடும், மூணு சிநேகிதங்க அத வச்சு அடிச்சுக்குவாங்க. மராத்தியில மகேஷ் எல்குஞ்ச்வார் எழுதின 'வாடா சிரேபந்தி'ல (1985) இடிஞ்சு விழுற பெரிய வீட்டு முன்னாடி ஓட்டாத டிராக்டர் ஒண்ணு துருப்பிடிச்சு நிக்கும், அந்தக் குடும்பத்தோட பழைய பெருமை என்ன ஆச்சுன்னு அது ஒண்ணே காட்டிரும். நாங்க ஒரு தடவை ஃபிரிட்ஜோட அட்டைப்பெட்டிய மட்டும் மேடையில வச்சோம், பொருள் மேல வச்ச மரியாதைய பெட்டிக்கும் கொடுத்து அத தூக்கிப் போடவே மாட்டேன்னு அம்மா சண்டை போடுற மாதிரி சீன். பெட்டி பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் கடையில சும்மாவே கொடுத்தாங்க.

ரீல்ஸ்லயே எல்லாரும் எல்லாத்தையும் கிண்டல் பண்றாங்க, இனிமே நாடகம் யாரு பாப்பா?

ரீல்ஸ்ல கிண்டல் பண்றவங்களுக்கும் லைக் வேணும், அதனால பெரும்பாலும் பலமில்லாத ஆளத்தான் எடுப்பாங்க, வேலைக்காரம்மா வேஷம், மீன் விக்கிற அம்மா வேஷம், குரல கீச்சுன்னு மாத்தி. பாக்குறவரும் தனியா ஒரு மூலையில பாத்துட்டு தள்ளி விட்டுருவாரு. தெரு நாடகத்துல கடன் வாங்கினவரும் கடன் கொடுத்தவரும் ஒரே பாயில உக்காந்து பாக்குறாங்க, மொய் சீன் வர்றப்போ ஒருத்தர் முகத்த ஒருத்தர் பாத்துக்குறாங்க. கோயில் திருவிழா சமயத்துல வண்ணாரப்பேட்டை, காசிமேடு பக்கம் தெருவுல போடுறப்போ கூட்டம் வராம இருந்தது இல்ல, பசங்க முன்னாடி வரிசை, ஆம்பளைங்க வண்டி மேல சாஞ்சுகிட்டு, பொம்பளைங்க வாசப்படியில. நடிக்க வரணும்னா வயசு தடையில்ல, அனுபவம் தேவையில்ல, ஞாயித்துக்கிழமை சாயந்தரம் வாங்க, முதல் நாள் ஸ்கிரிப்ட் தர மாட்டோம், உங்க வீட்டு ஹால்ல எது எங்க இருக்குன்னு சொல்லச் சொல்லுவோம்.